பீப்பாய்க்கு எத்தனை லிட்டர்?

பீப்பாயை லிட்டராக மாற்ற ஒரே ஒரு பெருக்கல் போதும். பீப்பாய்களின் எண்ணிக்கையை 159-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். ஆனால் இந்த 159 கச்சா எண்ணெய்ப் பீப்பாய்க்கு மட்டுமே உரியது. மொட்டை மாடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிறப் பேரலுக்கு அது பொருந்தாது. இங்கிலாந்தின் பீர் பீப்பாய்க்கும் பிரான்சின் ஒயின் பீப்பாய்க்கும்கூடப் பொருந்தாது. இந்தக் கணக்கில் பிழைகள் பெரும்பாலும் பெருக்கும்போது நேர்வதில்லை. எந்தப் பீப்பாய் என்று கேட்காமலே பெருக்கத் தொடங்கிவிடுவதால் நேர்கின்றன. அதனால் இந்த அத்தியாயம் எண்ணெய்ப் பீப்பாயில் தொடங்கி, மற்றப் பீப்பாய்களைத் தொட்டு, வீட்டு டிரம்மில் முடிகிறது.

எண்ணெய்ப் பீப்பாய்

நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘பீப்பாய் ஒன்றுக்கு இத்தனை டாலர்’ என்று வந்தால் அது 42 அமெரிக்க கேலன் கொண்ட பீப்பாய். ஓர் அமெரிக்க கேலன் என்பது 231 கன அங்குலம். ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர். இந்த மூன்றையும் கோத்துப் பெருக்கினால் 158.987294928 லிட்டர் கிடைக்கும். நீளமாக இருந்தாலும் இது தோராய எண் அல்ல. வரையறைகளிலிருந்து நேரே வருவதால் கடைசித் தசமம் வரை இதுவே முழு விடை.

இதை 159 என்று வைத்துக்கொண்டால் பீப்பாய்க்கு 13 மில்லிலிட்டர் அளவுக்குக் கூடிவிடுகிறது. செய்தி படிக்கவும் பாடம் நடத்தவும் பேச்சுக்கிடையே மனக்கணக்குப் போடவும் இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 10 லட்சம் பீப்பாய் கைமாறும் வியாபாரத்தில் அதே வேறுபாடு 12,705 லிட்டராக வளர்ந்து நிற்கும். பெட்ரோல் பங்குக்கு வரும் 12 கிலோ லிட்டர் டாங்கர் லாரி ஒன்று நிரம்பி வழிகிற அளவு அது. ரசீது, ஒப்பந்தம், சுங்கம் என்று காசு சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் 158.987 என்றே போடுங்கள்.

கேலனில் ஒரு பழைய பொறி இருக்கிறது. நம் ஊரில் வயதானவர்களுக்குத் தெரிந்த கேலன் ஆங்கிலேயர் கொண்டுவந்த இம்பீரியல் கேலன், அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர். துல்லியமாகச் சொன்னால் 4.54609 லிட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான். பிரிட்டன் 1824-இல் தன் கேலனைப் புதிதாக வரையறுத்துக்கொண்டது. அமெரிக்காவோ அதற்கு முந்தைய 231 கன அங்குல ஒயின் கேலனையே கைவிடாமல் வைத்துக்கொண்டது. ‘ஒரு பீப்பாய் 42 கேலன்’ என்பதைப் படித்துவிட்டு நாலரையால் பெருக்குகிறவருக்கு 189 லிட்டர் வரும். அது உண்மை அளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இம்பீரியல் கேலனில் சொல்வதானால் ஓர் எண்ணெய்ப் பீப்பாய் 35 கேலன்.

42 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். 1859 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் ஊருக்கருகே எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கண்டார்கள். அதன்பின் அந்த வட்டாரத்தில் எண்ணெய் பெருகிய வேகத்துக்குப் பாத்திரம் கிடைக்கவில்லை. விஸ்கி வந்த பீப்பாய், மீன் வந்த பீப்பாய் என்று அகப்பட்டதிலெல்லாம் ஊற்றி அனுப்பினார்கள். ஆளுக்கொரு அளவு இருந்தால் வாங்குகிறவர் எப்படி நம்புவார்? 1866-இல் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி, 40 கேலனுக்கு விலை வாங்குவது, வழியில் ஒழுகிப் போவதை ஈடுகட்ட 2 கேலன் கூடுதலாக ஊற்றுவது என்று முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகவே 42 கேலன் கொண்ட ‘டியர்ஸ்’ என்ற பீப்பாய் புழக்கத்தில் இருந்தது. எண்ணெய் நிரம்பிய 42 கேலன் பீப்பாய் 300 பவுண்டுக்கு மேல் எடை வரும். ஓர் ஆள் உருட்டிச் சமாளிக்கக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுவே. 1872-இல் உற்பத்தியாளர் சங்கம் 42-ஐ அதிகாரபூர்வ அளவாக ஏற்றுக்கொண்டது.

இன்று கச்சா எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் பயணம் செய்கிறது. 42 கேலன் மரப் பீப்பாய் வழக்கொழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. எண்ணெய் வியாபாரத்தில் பீப்பாய் இப்போது ஓர் அலகு மட்டுமே. தொலைக்காட்சிச் செய்தியில் எண்ணெய் விலையைச் சொல்லும்போது அடுக்கி வைத்த இரும்பு டிரம்களின் படத்தைக் காட்டுகிறார்கள். அந்த டிரம் ஒவ்வொன்றும் 200 லிட்டருக்கு மேல் கொள்ளும். படத்தைப் பார்த்து அளவைக் கணிக்காதீர்கள்.

மனக்கணக்கு

159-ஆல் பெருக்கச் சுலபமான வழி, 160-ஆல் பெருக்கிவிட்டு மூல எண்ணை ஒருமுறை கழிப்பது. 350 பீப்பாய் என்றால் 350 × 160 = 56,000. அதில் 350 போக 55,650 லிட்டர். துல்லியமான விடையைவிட இது நாலரை லிட்டர்தான் அதிகம்.

லிட்டரிலிருந்து பீப்பாய்க்குப் போக 159-ஆல் வகுக்க வேண்டும். மனதுக்குள் வகுப்பது கடினம் என்பதால் இதை நினைவில் வையுங்கள்: ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கிலோ லிட்டர், 6.29 பீப்பாய். மேலே சொன்ன 12 கிலோ லிட்டர் டாங்கர் லாரியில் எழுபத்தைந்தரைப் பீப்பாய் அளவுக்குச் சரக்கு இருக்கிறது.

பெரிய எண்களில் தடுமாற்றம் வருவது மில்லியனும் லட்சமும் கலக்கும் இடத்தில். ஒரு மில்லியன் பத்து லட்சம். அப்படியானால் ஒரு மில்லியன் பீப்பாய் 15.9 கோடி லிட்டர். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் செய்திகளில் வரும் பெரும்பாலான எண்களைச் சமாளிக்கலாம். இந்தியா நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் செலவிடுகிறது. 50 லட்சம் என்பது ஐந்து மில்லியன்; ஆகவே 79.5 கோடி லிட்டர். உலகம் முழுவதும் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய், அதாவது 1,590 கோடி லிட்டர்.

எண்ணெய்த் துறையின் ஆங்கில அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பீப்பாய்க் குறிக்கு முன்னால் ஒற்றை ‘எம்’ வந்தால் ஆயிரம், இரட்டை ‘எம்எம்’ வந்தால் பத்து லட்சம். ரோமானிய எண்முறையில் ‘எம்’ ஆயிரத்தைக் குறிப்பதால் வந்த பழக்கம் இது. ஒற்றை ‘எம்’ கண்டதும் மில்லியன் என்று எடுத்துக்கொண்டால் விடை ஆயிரம் மடங்கு பெருத்துவிடும்.

பீப்பாய் விலையிலிருந்து லிட்டர் விலைக்கு

இந்தக் கணக்கை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். குடும்ப வரவுசெலவை நேரடியாகத் தொடும் கணக்கு இது. பீப்பாய் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி 159-ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை ரூபாயில் வரும்.

பீப்பாய் 75 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 75 × 85 = 6,375 ரூபாய். 159-ஆல் வகுத்தால் லிட்டர் 40 ரூபாய் 9 காசு.

இதே கணக்கை 2008-க்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அப்போது டாலர் ஏறத்தாழ 43 ரூபாய். 147 × 43 = 6,321; 159-ஆல் வகுத்தால் 39 ரூபாய் 75 காசு. டாலர் கணக்கில் விலை பாதியாகியும் ரூபாய் கணக்கில் லிட்டர் அதே 40 ரூபாய் அளவிலேயே நிற்கிறது. ‘அன்றைக்கு 147 டாலர் இருந்ததே, இன்றைக்கு 75-தானே’ என்ற வாதம் ரூபாய் மதிப்பைக் கணக்கில் சேர்க்காத வாதம். எண்ணெய் விலை பற்றிப் பேசுகிறவர், எழுதுகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதிலிருந்து பயனுள்ள இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு 53 காசு ஏறும். பீப்பாய் 75 டாலராக இருக்கும்போது டாலர் மதிப்பு ஒரு ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 47 காசு ஏறும். இரண்டும் ஏறத்தாழ ஒரே பாரம். உங்கள் நாளின் எண்களை வைத்து இவற்றைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கொரோனாவால் எண்ணெயை வாங்க ஆளில்லை, சேமித்து வைக்க இடமும் இல்லை. அன்றைய டாலர் மதிப்பை 76 ரூபாய் என்று கொண்டால், விற்றவர் ஒவ்வொரு லிட்டருக்கும் 18 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட்டார் என்று பொருள். நம் பங்கில் பெட்ரோல் இலவசமாகவில்லை. ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் ஊரில் ஒப்படைக்க வேண்டிய எண்ணெய்க்கான விலை அது. இந்தியா வாங்கும் எண்ணெயின் விலை வேறு.

இந்த லிட்டர் விலை கச்சா எண்ணெய்க்கு மட்டுமானது. பங்கில் நாம் கொடுக்கும் விலையில் கப்பல் கூலி, சுத்திகரிப்புச் செலவு, மத்திய கலால் வரி, மாநில வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்கின்றன. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து 159 லிட்டர் பெட்ரோல் வந்துவிடுவதும் இல்லை. அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகளில் 42 கேலன் உள்ளே போனால் எல்லாப் பொருள்களும் சேர்ந்து சுமார் 45 கேலன் வெளியே வருகிறது. அதில் பெட்ரோல் பாதிக்கும் குறைவு. உள்ளே போனதைவிட வெளியே வருவது கூடுவதற்குக் காரணம், அடர்த்தியான எண்ணெய் அடர்த்தி குறைந்த எரிபொருள்களாகப் பிரிவது. கொள்ளளவு கூடுகிறது, எடை கூடுவதில்லை.

டன் வந்தால்

நம் நாட்டுப் புள்ளிவிவரங்கள் கச்சா எண்ணெயை டன்னில் சொல்கின்றன. டன் எடை, பீப்பாய் கொள்ளளவு. அடர்த்தி தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. 6.29-ஐ அடர்த்தியால் வகுத்தால் ஒரு டன்னில் எத்தனை பீப்பாய் என்று வரும். சராசரிக் கச்சா எண்ணெய்க்கு 7.33 என்று எடுப்பது வழக்கம். பெட்ரோல் இலேசானது, டன்னுக்கு எட்டரைப் பீப்பாய். டீசல் ஏழரை. கனமான உலை எண்ணெய் ஆறரையை ஒட்டி வரும்.

சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன். 7.33-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 2.1 லட்சம் பீப்பாய் வரும். லிட்டரில் மூன்றே கால் கோடிக்கு மேல். ‘நாளுக்கு ஒரு பீப்பாய்’ என்பது ‘ஆண்டுக்கு 50 டன்’ என்று வைத்துக்கொண்டால் இதை ஒரே அடியில் போட்டுவிடலாம்.

இன்னொரு பயிற்சி. 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கடலில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்குச் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய் ஏற்றி வந்துகொண்டிருந்தது. 7.33-ஆல் பெருக்கினால் 20 லட்சம் பீப்பாய்க்குச் சற்றே குறைவு. 31 கோடி லிட்டருக்கு மேல். சரக்குத் தொட்டிகள் தப்பியதால் அந்த எண்ணெய் கடலில் கலக்கவில்லை. அம்பாறைக் கரையோர மீனவர்கள் அன்று எதை எண்ணி அஞ்சினார்கள் என்பது ‘இரண்டு மில்லியன் பீப்பாய்’ என்று படிக்கும்போது மனதில் பதிவதில்லை. லிட்டராக மாற்றிப் பார்த்தால் பதிகிறது.

வெப்பம்

எண்ணெய் சூட்டில் விரியும். அதனால் வணிகத்தில் பீப்பாய் என்றால் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 15.6 டிகிரி செல்சியஸில் அளந்த பீப்பாய். மெட்ரிக் முறையில் 15 டிகிரி செல்சியஸ். சாதாரணக் கச்சா எண்ணெய் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் எட்டு பங்கு அளவுக்கு விரிகிறது. அந்தக் குளிரில் 159 லிட்டராக இருந்தது சென்னையின் 35 டிகிரியில் சுமார் இரண்டரை லிட்டர் கூடுதல் இடம் பிடிக்கும். கப்பலிலிருந்து தொட்டிக்கு இறக்கும்போது வெப்பநிலையைக் குறிக்காத அளவுக்கு மதிப்பே கிடையாது.

மற்றப் பீப்பாய்கள்

அமெரிக்காவில் பீர் பீப்பாய் 31 கேலன், 117.35 லிட்டர். பிரிட்டனில் 36 இம்பீரியல் கேலன், 163.66 லிட்டர். பிரான்சின் போர்டோ ஒயின் பீப்பாய் 225 லிட்டர், பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். அமெரிக்கர்களின் போர்பன் விஸ்கி ஊறும் பீப்பாய் வழக்கமாக 53 அமெரிக்க கேலன், ஏறத்தாழ 200 லிட்டர். சமையல் நூலிலோ பழைய பயணக் குறிப்பிலோ ‘பீப்பாய்’ என்று கண்டால் எந்த நாடு, என்ன சரக்கு என்று பார்த்த பிறகே லிட்டருக்கு மாற்றுங்கள். இரண்டும் தெரியவில்லை என்றால் பீப்பாய் என்றே விட்டுவிடுவது நேர்மை.

வீட்டுப் பேரலும் இரும்பு டிரம்மும்

நம் ஊரில் பேரல் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது டிரம். இரும்பு டிரம்மின் மூல அளவு 55 அமெரிக்க கேலன், 208 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் இன்னும் சில லிட்டர் பிடிக்கும். நீல பிளாஸ்டிக் டிரம்கள் பல அளவுகளில் வருகின்றன. கடையில் சொல்லும் எண்ணை நம்பாமல் நீங்களே அளந்துவிடலாம். ஒரு நூலும் அளவுகோலும் போதும்.

டிரம்மின் நடு உடம்பை நூலால் சுற்றிச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையை உள் உயரத்தால் பெருக்கி 12,570-ஆல் வகுத்தால் லிட்டர். சுற்றளவு 180, உயரம் 85 என்றால் 180 × 180 × 85 ÷ 12,570 = 219 லிட்டர். இரும்புத் தகடு மெல்லியது, அப்படியே விடலாம். பிளாஸ்டிக் சுவர் நாலு மில்லிமீட்டர் இருந்தால் சுற்றளவில் இரண்டரை சென்டிமீட்டரைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். விடை 213 லிட்டராக இறங்கும்.

பாதி நிரம்பிய டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு குச்சியை நேராக இறக்கி நனைந்த உயரத்தைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் இரும்பு டிரம்மில் சென்டிமீட்டருக்குச் சுமார் 2.6 லிட்டர். படுக்க வைத்த டிரம்மில் இந்தக் கணக்கு செல்லாது. குறுக்களவில் பாதி நனைந்தால் பாதி இருக்கிறது, அது சரி. ஆனால் கால் பங்கு நனைந்தால் உள்ளே இருப்பது கால் பங்கு அல்ல, ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. டீசல் டிரம்மைப் படுக்க வைத்து ஜெனரேட்டருக்கு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயிறு பெருத்த மரப் பீப்பாய்க்குச் சூத்திரம் தந்தவர் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர். 1613-இல் லின்ஸ் நகரில் தன் இரண்டாம் திருமணத்துக்கு ஒயின் வாங்கியபோது, வியாபாரி ஒரே ஒரு கோலைத் துளை வழியே சாய்வாக நுழைத்து எல்லாப் பீப்பாய்க்கும் விலை சொன்னதைக் கண்டு ஐயம் கொண்டார். 1615-இல் ஒயின் பீப்பாய்களின் கன அளவு பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அவர் வழியைச் சுற்றளவுக்கு ஏற்றபடி இப்படிப் போடலாம்: நடுச் சுற்றளவின் வர்க்கத்தை இரட்டித்து, ஓரச் சுற்றளவின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 37,700-ஆல் வகுக்க வேண்டும். நடு 180, ஓரம் 150, உயரம் 80 சென்டிமீட்டர் என்றால் 185 லிட்டர். மரப்பலகை தடிமனானது, அந்தத் தடிமனைக் கழித்த உள்ளளவுகளையே இதில் போட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய டிரம் வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஒட்டிய லேபிளின் மிச்சத்தைத் தேடிப் படியுங்கள், மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள்.